வீவக வீட்டில் திறன்மிகு தண்ணீர் மீட்டர்: கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் வசிக்கிறார்கள். அந்த வீடுகளின் தண்ணீர் மீட்டர் வீட்டுக்குள் இருப்பதில்லை. பொது நடைபாதையை ஒட்டிய ஓர் அலமாரிக்குள், அதே தளத்து அண்டை வீடுகளின் மீட்டர்களோடு வரிசையாக அது இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து கதவைத் திறந்து எண்ணைக் குறித்துச் செல்வார். இடைப்பட்ட மாதத்தின் கட்டணம் மதிப்பீட்டின் அடிப்படையில் வரும். கசிவு ஒன்று தொடங்கினால் அது கட்டணச் சீட்டில் தலைகாட்டுவதற்கே இரண்டு மாதம் ஆகிவிடலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

2022இல் தொடங்கிய திறன்மிகு மீட்டர் திட்டம் இதை மாற்றிவருகிறது. தேசிய நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் முதற்கட்டமாக ஏறத்தாழ 300,000 மீட்டர்களைப் பொருத்தத் திட்டமிட்டது. தெம்பனிஸ், புக்கிட் பாத்தோக், தெங்கா போன்ற வட்டாரங்கள் அதில் அடங்கும். இந்த மீட்டர் தன் அளவுகளைக் கம்பியில்லாமல் ஒரு நாளில் பலமுறை அனுப்பிவைக்கிறது. வீட்டுக்காரர் தம் கணக்கில் நுழைந்து அன்றாட நுகர்வைப் பார்க்கலாம்; கசிவு இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் எச்சரிக்கையும் பெறலாம்.

எதற்காக இதைப் பயன்படுத்துவது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பொங்கோல், யூஹுவா வட்டாரங்களில் ஏறத்தாழ 800 வீடுகளில் முன்னதாக நடந்த சோதனைகளில், சராசரியாக 5 விழுக்காடு தண்ணீர் மிச்சமானது. இதைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி வீட்டில் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் தண்ணீர் 141 லிட்டர். நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது மாதத்தில் ஏறத்தாழ 17 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல், மாதத்தின் முதல் 40 கன மீட்டர் வரை, தண்ணீர்க் கட்டணம், தண்ணீர்ச் சேமிப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. ஆக, மாதக் கட்டணம் சுமார் 55 வெள்ளி. அதில் 5 விழுக்காடு 2.75 வெள்ளி. இப்போது மணிக்கு 10 லிட்டர் வீதம் சத்தமின்றிக் கசியும் ஒரு கழிவறைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் அது 7.2 கன மீட்டர், அதாவது 23 வெள்ளிக்கும் மேல். நாள்தோறும் வரைபடத்தைப் பார்த்துக் குளியல் நேரத்தைக் குறைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் மாதச் செலவை உண்மையில் உறுத்துவது கசிவு. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கசிவைப் பற்றியே பேசுகிறது.

உங்கள் மீட்டர் எது என்பதை உறுதிசெய்யுங்கள்

மீட்டரை மாற்ற வருபவர்கள் சிறிது நேரத்துக்கு உங்கள் வீட்டுத் தண்ணீரை நிறுத்துவார்கள். அன்று வீட்டில் இருக்க முடிந்தால், பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் புதிய மீட்டரின் தொடக்க எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் ஒரு குழாயை மெல்லத் திறந்து, கலங்கல் தெளியும் வரை ஓடவிடுங்கள். குழாயில் புகுந்த காற்றும் அப்போதே வெளியேறிவிடும்.

அடுத்து செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நடைபாதை அலமாரியைத் திறந்தால் ஒரே மாதிரியான நான்கைந்து மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அருகே எழுதியிருக்கும் வீட்டு எண் மங்கியிருக்கலாம். ஒன்றுக்கு இரண்டு எண்கள் ஒட்டியிருக்கவும் கூடும். எனவே மீட்டரின் மேல் பொறித்துள்ள வரிசை எண்ணை உங்கள் கட்டணச் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அத்துடன், வீட்டில் ஒருவரைக் குழாயைத் திறக்கச் சொல்லி, மீட்டரின் எண் ஓடுகிறதா என்று பாருங்கள். மூடச் சொன்னதும் அது நிற்க வேண்டும். அடுத்த வீட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு தம் வீட்டில் கசிவு இல்லை என்று நம்புவது, மீட்டரே பார்க்காமல் இருப்பதைவிட மோசம். அலமாரி பூட்டியிருந்தால் நகர மன்றத்திடம் கேளுங்கள். அதற்குள் காலணி, குடை, பழைய பெயின்ட் டப்பா என்று எதையும் வைக்காதீர்கள். வேலைசெய்ய வருபவருக்கு இடையூறு என்பதோடு, உலோகப் பொருள்கள் மீட்டரின் வானொலி அலையையும் மறைக்கக்கூடும்.

அலை என்றதும் சிலருக்குக் கவலை வரும். மீட்டர் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருப்பதில்லை. மிகக் குறைந்த ஆற்றலில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தன் செய்தியை அனுப்பிவிட்டு அடங்கிவிடும். அப்படி அடங்குவதால்தான் இத்தகைய மீட்டர்களின் மின்கலம் பத்து ஆண்டு, அதற்கு மேலும் தாங்குகிறது. அது உங்கள் வீட்டு மின்சாரத்தையோ வைஃபையையோ தொடுவதில்லை.

எண்ணைப் படிக்கும் முறை

திரையில் 213.402 என்று தெரிந்தால், புள்ளிக்கு முன்னால் இருப்பது கன மீட்டர். பின்னால் இருக்கும் மூன்று இலக்கங்கள் லிட்டர். அதாவது 213 கன மீட்டரும் 402 லிட்டரும். கட்டணம் கன மீட்டரில் கணக்கிடப்படுகிறது. கசிவோ லிட்டரில்தான் தெரியும். எனவே இந்தக் கடைசி மூன்று இலக்கங்களை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சில வகை மீட்டர்களின் திரையில் மொத்த அளவும் ஓட்ட வேகமும் மாறி மாறித் தோன்றும். வேறு சிலவற்றில் சொட்டும் குழாய் போன்ற ஒரு சிறு குறி கசிவைக் காட்டும்.

கட்டணச் சீட்டைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தகுதிபெறும் வீவக குடும்பங்களுக்குப் பயனீட்டுக் கட்டணத்தில் யூ-சேவ் என்னும் அரசாங்கத் தள்ளுபடி கிடைக்கிறது. சிறிய வீடுகளில் வசிப்போருக்கு அது பெரும் உதவி; ஆனால் தள்ளுபடி கழிந்த பிறகு செலுத்த வேண்டிய தொகை மிகச் சிறிதாகவோ சுழியமாகவோ ஆகிவிடுவதால், கசிவு அதற்குள் மறைந்துகொள்ளும். தள்ளுபடி தீர்ந்த மாதத்தில் திடீரென்று தொகை ஏறியதாகத் தோன்றும். உண்மையில் தண்ணீர் பல மாதமாகவே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆதலால் செலுத்தும் தொகையை விட்டுவிட்டு, கன மீட்டர் வரியை மட்டும் மாதாமாதம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரவுச் சோதனை

வீட்டில் அனைவரும் உறங்கும் நேரத்தில் மீட்டர் அசையக் கூடாது. இதைவிட எளிய சோதனையும் இல்லை, நம்பகமான சோதனையும் இல்லை. இணையக் கணக்கு இல்லாதவர்களும், கைப்பேசி பழக்கமில்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

படுக்கைக்குப் போகும் முன், கடைசியாகக் கழிவறையைப் பயன்படுத்திய பிறகு, தொட்டி நிரம்பி முடியும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு மீட்டரின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சலவை இயந்திரத்தை இரவில் ஓடும்படி அமைத்திருந்தால் அன்று மட்டும் நிறுத்திவையுங்கள். காலையில் எவரும் குழாயைத் தொடும் முன் மீண்டும் பாருங்கள். இரவு 11 மணிக்கு 213.402 என்று இருந்தது காலை 5 மணிக்கு 213.461 ஆகியிருந்தால், ஆறு மணி நேரத்தில் 59 லிட்டர் போயிருக்கிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 10 லிட்டர். நடுவில் ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போயிருந்தால், புதிய வகைத் தொட்டி முழு நீரையும் இறக்க 4.5 லிட்டருக்கு மேல் எடுக்காது. அதைக் கழித்துவிட்டால் போதும். முதியவர்கள் உள்ள வீட்டில் இரண்டு மூன்று முறையைக் கழித்தாலும் 59 என்ற எண்ணுக்கு அது விளக்கமாகாது.

வெளியூர் செல்லும் நாள்கள் இன்னும் வசதியானவை. பள்ளி விடுமுறையில் குடும்பமே ஜொகூருக்கோ ஊருக்கோ போயிருக்கும்போது, அன்றாட நுகர்வு சுழியமாகத் தெரிய வேண்டும். 60 லிட்டர், 240 லிட்டர் என்று ஏதேனும் எண் நின்றால், வீடு திரும்பியதும் முதல் வேலை கழிவறைத் தொட்டியைத் திறந்து பார்ப்பதுதான்.

இந்தச் சோதனையைப் பழைய மீட்டரில் செய்தவர்களுக்குக் கசிவு தெரியாமல் போயிருக்கவும் கூடும். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஐஎஸ்ஓ 4064 என்னும் சர்வதேசத் தரத்தின்படி, ஒரு மீட்டர் நம்பகமாக அளக்க வேண்டிய மிகக் குறைந்த ஓட்டத்தைக் கண்டறிய, அதன் நிரந்தர ஓட்ட அளவை (இயல்பாகத் தாங்கும் மிக உயர்ந்த ஓட்டம்) அதன் அளவீட்டு வீச்சால் (மீட்டருக்கு மீட்டர் மாறும் ஒரு விகித எண்) வகுக்க வேண்டும். மணிக்கு 2.5 கன மீட்டர் அளவுள்ள வீட்டு மீட்டரின் வீச்சு 160 என்றால், அந்தக் கீழ் எல்லை மணிக்கு 15.6 லிட்டர், வீச்சு 400 என்றால் 6.25 லிட்டர். மணிக்கு 10 லிட்டர் கசிவு முதல் மீட்டரில் எல்லைக்குக் கீழே விழுகிறது. இரண்டாவதில் மேலே நிற்கிறது. சுழலும் சக்கரம் உள்ள மீட்டரில், மெல்லிய ஓட்டத்துக்குச் சக்கரம் நகராமலே இருந்துவிடலாம். ஒலியலையைத் தண்ணீரின் போக்கிலும் எதிர்ப்போக்கிலும் அனுப்பி, அது சென்றுசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு ஓட்டத்தைக் கணிக்கும் மீட்டரில் சுழலும் உறுப்பே இல்லை. ஆதலால் சிறு கசிவையும் அது கணக்கில் சேர்க்கும். புதிய மீட்டர் வந்ததும் கட்டணம் சற்று ஏறிவிட்டது என்று குறைபடுவோர், மீட்டரைச் சந்தேகிக்கும் முன் இரவுச் சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

கசிவு எங்கே இருக்கிறது?

குழாய் சொட்டும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே எல்லாரும் முதலில் அதைத்தான் பழிப்பார்கள். சொட்டும் குழாயின் கீழே ஒரு குவளையை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லிலிட்டர் சேர்ந்தால், மாதத்தில் அது 144 லிட்டர். பணத்தில் 47 காசு. சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் கட்டணத்தை உயர்த்தியது அதுவல்ல.

தேட வேண்டிய இடம் கழிவறைத் தொட்டி. இரவு தூங்கப் போகும் முன், தொட்டிக்குப் போகும் சிறிய வால்வை மூடிவிட்டு மீண்டும் இரவுச் சோதனையைச் செய்யுங்கள். முந்தைய இரவில் ஓடிய மீட்டர் இன்று நின்றுவிட்டால் வேறெங்கும் அலைய வேண்டாம். இரண்டு கழிவறை உள்ள வீடுகளில் இரண்டையும் மூடிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒன்றை மட்டும் திறந்துவிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

பிறகு தொட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் வழிகுழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயாவது நீர்மட்டம் நிற்க வேண்டும். நீர் அந்த வாய் வரை ஏறி உள்ளே வழிந்துகொண்டிருந்தால், தண்ணீரை நிறுத்த வேண்டிய மிதவை வால்வு நிறுத்தவில்லை என்று பொருள். பெரும்பாலும் மிதவையின் உயரத்தைத் திருகிக் குறைத்தாலே சரியாகிவிடும். நீர்மட்டம் சரியாக இருந்தும் மீட்டர் ஓடினால், கசிவு தொட்டியின் அடியில். சமையலறையில் கேசரிக்குப் போடும் வண்ணத்தில் சில துளிகளைத் தொட்டிக்குள் விட்டு, அரை மணி நேரம் யாரும் கழிவறையைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால், அடிவால்வின் ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை. அந்த வளையத்தில் வழுவழுப்பான பாசி படிந்திருக்கும், அல்லது ரப்பர் இறுகி ஓரம் சுருண்டிருக்கும். பாசியாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டாலே சில சமயம் நின்றுவிடும். இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய வளையத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது, ஏனெனில் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் வளையங்களின் விட்டம் சில மில்லிமீட்டர் வேறுபடும். இரட்டைப் பொத்தான் உள்ள தொட்டிகளில், பொத்தான் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது, நம் வீடுகளில் பரவலாக உள்ள கழிவறைக் கைத்தெளிப்பான். அதன் வால்வை மூடாமல் விசையை மட்டும் விட்டுவிட்டால், குழல் நாள் முழுவதும் அழுத்தத்திலேயே இருக்கும். இணைப்பில் கசிவு தொடங்கும். ஒருநாள் குழல் வெடிக்கவும் செய்யலாம், அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. பயன்படுத்திய பிறகு சுவரில் உள்ள வால்வையே மூடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தொட்டி உள்ள வெந்நீர்ச் சாதனத்தின் பாதுகாப்பு வால்வு, சலவை இயந்திரத்துக்குப் போகும் குழாய் ஆகியவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உலர்ந்த விரல் ஈரமாகிறதா என்பதே போதுமான சோதனை.

எல்லா வால்வுகளையும் மூடியபிறகும் மீட்டர் ஓடினால், சுவருக்குள் அல்லது தரைக்கடியில் போகும் குழாயில் கசிவு இருக்கலாம். இதை நீங்களே தோண்டிப் பார்க்க முயலாதீர்கள். உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள்.

கீழ்த்தளத்து வீட்டின் கூரையில் ஈரம் படிந்து தகராறு எழும்போதும் இந்த மீட்டர் உதவும். மேல்வீட்டில் இரவுச் சோதனை செய்து மீட்டர் அசையவில்லை என்றால், தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கும் வாய்ப்பு குறைவு. குளியலறைத் தரையின் நீர்தடுப்புப் பூச்சு அல்லது கழிவுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். மீட்டர் அசைந்தால் குழாயிலிருந்தே தேடத் தொடங்கலாம். இத்தகைய கூரைக்கசிவைச் சரிசெய்வதில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் கூட்டுப்பொறுப்பு உண்டு என்பது வீவக நிலைப்பாடு. யார்மீது தவறு என்று வாசலில் நின்று வாதாடுவதைவிட, இரண்டு எண்கள் எழுதிய ஒரு தாளோடு பேச்சைத் தொடங்குவது உறவுக்கும் நல்லது. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் காற்றிலிருந்து வருவது. மீட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும்

இத்தகைய மீட்டர்கள் கசிவைப் பொதுவாக எப்படிக் கணிக்கின்றன என்பதைத் தெரிந்துவைத்தால், எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று நாமே முடிவுசெய்ய முடியும். ஒரு நாள் முழுவதும் ஓட்டம் ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் கசிவு இருக்கிறது என்று கொள்வது வழக்கமான முறை. சிறிய வீட்டில் பலர் நெருக்கமாக வாழும்போது, ஒருவர் இரவு வேலைக்குப் போக இன்னொருவர் விடியலில் திரும்ப, தண்ணீர் ஏதாவது ஒரு குழாயில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே கசிவே இல்லாமலும் எச்சரிக்கை வரலாம். கைக்குழந்தை உள்ள வீடும் அப்படித்தான்.

இதற்கு நேர்மாறான நிலை இன்னும் தொல்லையானது. அடிவால்வு மிக மெல்லக் கசியும்போது தொட்டியின் நீர்மட்டம் சிறிது சிறிதாகக் குறையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் மிதவை வால்வு திறந்து, தொட்டியை நிரப்பிவிட்டு மூடிக்கொள்ளும். மீட்டரின் பார்வையில் இது நடுநடுவே நின்று ஓடும் தண்ணீர்; யாரோ கை கழுவியதுபோலத் தெரியும். இடைவெளி நீளமாக இருந்தால் எச்சரிக்கை எழாமலே போகலாம். நள்ளிரவில் யாரும் தொடாத கழிவறையில் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டால், அதுவே உங்களுக்கான எச்சரிக்கை. எனவே எச்சரிக்கை வரவில்லை என்பதைக் கசிவு இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது இரவுச் சோதனையைச் செய்வது நல்லது.

எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றிரவே சோதியுங்கள். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் குழாய்கள் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வீவகவிடமிருந்து வாடகைக்கு எடுத்த வீடாக இருந்தால் வீவக கிளை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பழைய தொட்டியையே மாற்ற வேண்டியிருந்தால், 2024 ஏப்ரல் முதல் வீவக குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டில் மீதம் உண்டா என்று பாருங்கள். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கழிவறைத் தொட்டி, குழாய், குளியல் தெளிப்பான் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். பழுதுபார்த்து முடித்த அன்றிரவும் மீட்டரைப் பார்க்க மறவாதீர்கள். பல வீடுகளில் ஒரே நேரத்தில் இரண்டு கசிவுகள் இருக்கும். பெரியது நின்றதும் சிறியது மீட்டரில் மிஞ்சி நிற்கும்.

வாடகைப் புளோக்குகளில் உதவி செய்வோருக்கு

ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் தனியாக வாழும் மூத்தோர் பலர். இணையக் கணக்கு, சிங்பாஸ் என்னும் மின்னிலக்க அடையாளம், மின்னஞ்சல் எச்சரிக்கை எல்லாம் அவர்களுக்கு எட்டாத பேச்சு. எச்சரிக்கை ஒழுங்காகக் கிளம்பியிருக்கும். யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கும். திறன்மிகு மீட்டர் இங்கே பயன்பட வேண்டுமானால், எச்சரிக்கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மனிதர் வேண்டும்.

வட்டார அடித்தள அமைப்பான குடியிருப்பாளர் கட்டமைப்பிலோ அருகிலுள்ள மூத்தோர் நிலையத்திலோ தொண்டு செய்பவராக நீங்கள் இருந்தால், முதலில் மகன், மகள், உறவினர் என்று எச்சரிக்கையைப் பெற்றுச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எவரும் இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை நீங்களே மீட்டர் அலமாரியைப் பார்த்து எண்ணைக் குறித்துத் தரலாம். வீட்டுக்குப் போகும்போது, “தண்ணீரை வீணாக்குகிறீர்கள்” என்ற தொனி எள்ளளவும் கூடாது. “பாட்டி, கட்டணம் கூடுதலாக வருகிறதாமே, தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டால் கதவு திறக்கும். சேமிக்கச் சொல்லி அறிவுரை கூறுவதற்கு முன் எண்ணைப் பாருங்கள்: 2030க்குள் ஒருவரின் நாளாந்த நுகர்வை 130 லிட்டராகக் குறைப்பது நாட்டின் இலக்கு, தனியாக வாழும் மூத்தவர் ஏற்கெனவே அதைவிடக் குறைவாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். காசுக்கு அஞ்சித் துணி துவைப்பதையும் குளிப்பதையும் குறைத்துக்கொள்பவரிடம் இன்னும் குறையுங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு ரப்பர் வளையம்.

தண்ணீரின் அளவு ஒருவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும்: எப்போது எழுகிறார், எப்போது வெளியே போகிறார், இரவில் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறார். ஒரு மூத்தவரின் வீட்டில் இரண்டு நாளாக மீட்டர் அசையவில்லை என்ற செய்தி உயிரைக் காக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அவருடைய ஒப்புதல் இல்லாமல் அப்படிக் கவனிப்பது வேவு பார்ப்பதற்குச் சமம். கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். குறித்த எண்களைப் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

கசிவு எச்சரிக்கை என்ற பெயரில் மோசடிச் செய்தி வரக்கூடும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். 2024 ஜூலை முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ (gov.sg) என்ற ஒரே அனுப்புநர் பெயரில் வருகின்றன. கசிவைச் சரிசெய்யப் பணம் கட்டுங்கள் என்று இணைப்பு அனுப்பினாலோ, வங்கி விவரம் கேட்டாலோ, அதைத் திறக்க வேண்டாம். ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம். மீட்டரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லும் எவருக்கும் வீட்டுக்குள் வர வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது, மீட்டர் வெளியேதான் இருக்கிறது. அடையாள அட்டையைக் கதவின் கம்பி வழியாகவே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வீடு மாறும்போது

வீட்டை விற்றோ வாடகையை முடித்தோ வெளியேறும் நாளில், மீட்டரின் எண்ணைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு, கட்டணச் சீட்டை அனுப்பும் எஸ்பி குழுமத்தில் கணக்கை முடியுங்கள். மீட்டர் சுவரோடு நிற்கும். அன்றாட நுகர்வைப் பார்க்கும் உரிமையோ கணக்கு வைத்திருப்பவரைச் சேர்ந்தது. அதனால் புதிதாக வருபவர் தம் பெயரில் கணக்கைத் திறந்து, எச்சரிக்கை பெறும் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் புதிதாகப் பதிய வேண்டும். வீட்டை ஏற்றுக்கொள்ளும் முன், காலி வீட்டில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்க ஓர் இரவு மீட்டரைக் குறித்துப் பார்ப்பது, சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய மலிவான பரிசோதனை. எண் ஓடியிருந்தால் பழுதுபார்ப்பை முன்னவரின் செலவிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.